சொல்லிட்டுக் குத்துங்க

எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் என்று அந்த டாக்டர் சொன்னபோதே எனக்குத் தெரிந்துபோயிற்று, நன்றாக வலிக்கப்போகிறது என்று. இருபத்திரண்டு வருஷமாக இதே வாக்கியத்தை நான் சொல்லிவருகிறேன். கோவில்பட்டியில் என் பார்லருக்கு முதல்முறையாகப் புருவம் எடுக்க வருகிறவளிடம், நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இதே குரலில், இதே சிரிப்போடு சொல்வேன். எறும்பு கடிச்ச மாதிரிதான்மா இருக்கும், கண்ணை மூடிக்கோ. எந்த எறும்பு என்று ஒருத்தியும் கேட்டதில்லை. கட்டெறும்பா, சுள்ளெறும்பா, கடிக்கவே தெரியாத பிள்ளையார் எறும்பா என்று ஒருத்தி கேட்டிருந்தால் என் பாடு திண்டாட்டம்தான். இப்போது நானும் கேட்கவில்லை. திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஏசி அறையில் மல்லாந்து படுத்திருக்கிறேன். வலது கை ஒரு தலையணைமேல் கிடக்கிறது. அதைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு மேடு இருக்குமே, இரண்டு விரலையும் சேர்த்து அழுத்தினால் புடைத்துக்கொண்டு நிற்குமே, எனக்கு அந்த இடம் பள்ளமாகிவிட்டது. நாலு மாதம் முன்பு வளையல் போடும்போது பார்த்தேன். பார்த்ததும் என்ன செய்தேன், சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டேன். அதற்கு முன்பே நூல் நழுவ ஆரம்பித்திருந்தது. ஒரு கல்யாணப் பெண்ணுக்கு வலது புருவத்தில் ஒரு இடம் சொட்டையாகிவிட்டது, பென்சிலால் வரைந்து அனுப்பி, பாதிக் காசுதான் வாங்கினேன். நூல் சரியில்லை என்று கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டேன். அந்த ஆள் பாவம், மூன்று முறை நூல்கண்டை மாற்றிக் கொடுத்தார்.

ஊசிக்கு முன்னால் கரண்ட் டெஸ்ட். அதைச் செய்தவர் மிக்கேல் என்று ஒரு டெக்னீஷியன், ஐம்பது வயது இருக்கும், பாளையங்கோட்டைக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. இரண்டு முனை வைத்த ஒரு கருவியை மணிக்கட்டில் வைத்து அமுக்கினார், கை தானாகத் துள்ளியது. என் கை, நான் சொல்லாமல் துள்ளுகிறது. முழங்கைக்கு மேலே வைத்து அமுக்கினார், கீழே வைத்து அமுக்கினார், ஸ்கிரீனைப் பார்த்து "ம்" என்றார். இந்த "ம்" எனக்கு ஆகவே ஆகாது. என்ன ம் என்று கேட்டேன். "டாக்டரம்மா சொல்வாங்கம்மா" என்றார். விடுவேனா? ஊசி போட்டால் என்ன தெரியும் என்று கேட்டேன். அவர் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஸ்பீக்கரைக் காட்டினார். "சதைக்குள்ள ஊசி போனா சதையோட சத்தம் இதுல கேக்கும். நீங்க லூசா விட்டா சத்தம் வரக்கூடாது. சும்மா கெடக்க சதை பேசாதும்மா. பேசுனாத்தான் ஏதோ கோளாறு." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோலத் திரும்பிக்கொண்டார். எனக்கு அது போதும். சத்தம் வரக்கூடாது. நாற்பத்தாறு வயதில் இன்றைக்கு எனக்கு வேண்டியது இந்த ஒன்றுதான், ஸ்பீக்கர் சும்மா கிடக்க வேண்டும். கை போனால் தொழில் போகும், அதைக்கூட ஒரு வகையில் சமாளித்துவிடலாம், ஃபேஷியல் இருக்கிறது, மருதாணி இருக்கிறது, இடது கை இருக்கிறது. நான் பயப்படுவது கைக்காக இல்லை. எதற்காக என்று நினைக்கமாட்டேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வரும்போதே முடிவு செய்துவிட்டேன், அதை மட்டும் நினைக்கமாட்டேன் என்று. என் வீட்டுக்காரர் கோமதிநாயகம் பக்கத்தில் உட்கார்ந்து கயத்தாறு வரை தூங்கினார், எழுந்து "என்ன யோசனை?" என்றார். "ஒண்ணுமில்ல, பார்லர் சாவியக் குடுத்தேனான்னு பாக்கேன்" என்றேன்.

டாக்டர் மிருணாளினிக்கு முப்பது வயதுதான் இருக்கும். குனிந்தால் முகம் நேர் எதிரே வருகிறது, தொழில்காரி கண் எங்கே போகும், புருவத்துக்குத்தான் போகிறது. இடது புருவத்தின் வாலை யாரோ அவசரக்காரி மேலே தூக்கிவிட்டிருக்கிறாள். அதனால் எப்போதும் ஏதோ சந்தேகப்படுகிற மாதிரி ஒரு முகம். பஞ்சால் என் கையில் அந்தப் பள்ளத்தைத் துடைத்தாள். ஈரம் காய்ந்து ஜில்லென்றது. "எத்தனை பிள்ளைங்கம்மா உங்களுக்கு?" என்றாள். "ரெ" என்று வாயைத் திறந்தேன், இறங்கிவிட்டது ஊசி. ஸ்பீக்கர் கறகறவென்று கத்தியது, நானும் கத்தினேன், ஆனால் வலியால் இல்லை, சத்தியமாக வலியால் இல்லை. ஆத்திரத்தால். யாரிடம்? யாரிடம் காட்டுகிறாய் இந்த வித்தையை? இது என் வித்தை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே இழுத்துவிடுவது. எந்த ஸ்கூல்ல படிக்க, மாப்பிள்ளை எந்த ஊரு, அம்மா சௌக்கியமா, அவள் பதில் சொல்ல வாயெடுக்கும்போது சர்ரென்று ஒரு வரிசை முடி வந்துவிடும். சொல்லிவிட்டு இழுத்தால் முகத்தை இறுக்கிக்கொள்வார்கள், தோல் சுருங்கும், வெட்டுப்படும். அதனால் சொல்லக் கூடாது. இது தொழில் ரகசியம், எனக்குத் தொழில் சொல்லித்தந்த மதுரைக்காரி முதல் நாளே சொன்னது. அதைக் கொண்டுவந்து என்மேலேயே காட்டுகிறாள் இந்தப் பிள்ளை. "டாக்டர்," என்றேன், "சொல்லிட்டுக் குத்துங்க." அவள் சிரித்தாள். "சொன்னா நீங்க கையை டைட் பண்ணிடுவீங்கம்மா." "பண்ணுனா பண்ணிட்டுப் போறேன். வலியெல்லாம் எனக்குத் தாங்கும். ஏமாத்துறதுதான் தாங்காது." மிக்கேல் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்ததை நான் பார்த்தேன். சிரிக்கட்டும்.

ஊசி உள்ளேயே இருக்கிறது. குத்தியதும் எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன், ஏமாந்தேன். மெல்லிய வயர் ஒன்று அதிலிருந்து மெஷினுக்குப் போகிறது. "லூசா விடுங்க" என்கிறாள். விட்டுத்தான் இருக்கிறேன். "இல்லம்மா, இன்னும் லூசா." இதற்குமேல் எப்படி விடுவது? லூசாக விடுவது எப்படி என்று எனக்கு யாராவது எப்போதாவது சொல்லித்தந்திருக்கிறார்களா? காலையில் நாலரைக்கு எழுந்தால் ராத்திரி படுக்கும்வரை நான் ஏதாவது ஒன்றை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன், நூலை, வீட்டை, வாயை. படுத்த பிறகும் பல்லைக் கடிக்கிறேன் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். ஸ்பீக்கரில் கடுகு வெடிக்கிற மாதிரி படபடவென்று சத்தம். அது என் இறுக்கத்தின் சத்தமாம், நல்ல சத்தம்தானாம், ஆனால் இப்போது அது வேண்டாமாம். நான் கண்ணை மூடினேன். கொஞ்ச நேரத்தில் டாக்டர், "அம்மா, அந்தக் கையை எடுங்க" என்றாள். எந்தக் கையை? பார்த்தால் என் இடது கை தானாக வந்து ஊசிக்கு இரண்டு பக்கமும் விரல் வைத்துத் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பார்லரில் நாற்காலியில் சாய்ந்ததும் நான் முதலில் சொல்வது அதுதான், மேலே ஒரு கை வை, கீழே ஒரு கை வை, நல்லா இழுத்துப் பிடி, தோல் டைட்டா இருந்தா வலிக்காது. ஆயிரம் பேரை அப்படிப் பிடிக்க வைத்தவள் கை, யார் ஊசியை எடுத்தாலும் பிடிக்கப் போகிறது. "பழக்கம் டாக்டர்" என்றேன். "இங்க நேர்மாறும்மா. இங்க டைட்டா இருந்தாத்தான் வலிக்கும்" என்றாள். இடது கையைத் தூக்கித் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் படுத்துக்கொண்டேன், கிட அங்கே என்று.

அப்புறம் கேட்டது. கடுகெல்லாம் அடங்கி, கை உண்மையிலேயே கொஞ்சம் தளர்ந்தபோது, ஸ்பீக்கரில் வேறு ஒரு சத்தம். டிக். டிக். டிக். சிமெண்ட் ஷீட்மேல் தூறல் விழ ஆரம்பிக்கிற மாதிரி, ஆனால் தூறலைவிட ஒழுங்காக. சும்மா கிடக்கிற சதை பேசுகிறது. டாக்டர் ஊசியை வெளியே எடுக்காமல் உள்ளேயே கொஞ்சம் திருப்பி வேறு பக்கம் தள்ளினாள், அந்த வலி விரல் நுனிவரை போய்த் திரும்பியது, அங்கேயும் டிக் டிக். "இது என்ன சத்தம் டாக்டர்?" நான் விடவில்லை. "லூசா விட்டா சத்தம் வரக்கூடாதுல்லா?" டாக்டர் மிக்கேலைப் பார்த்தாள், மிக்கேல் சுவரைப் பார்த்தார். "இந்தச் சதைக்கு நரம்பு சரியா வந்து சேரலம்மா, அதனால. எங்க தடைப்படுதுன்னு பாக்கணும், முழுசா முடிச்சிட்டுச் சொல்றேன்." முழுசா முடிச்சிட்டு. நான் நினைக்கமாட்டேன் என்று சொன்னேன் அல்லவா, அதெல்லாம் பேச்சுக்குத்தான். அண்ணன் வந்துவிட்டான். அந்த டிக் டிக்கில் ஏறி, கூட்டத்தில் முண்டிக்கொண்டு, தோளில் பையோடு வந்துவிட்டான். என் அண்ணன் கழுகாசலம். கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகிற தனியார் பஸ்ஸில் பத்தொன்பது வருஷம் கண்டக்டர். அவனுக்கும் கையில்தான் ஆரம்பித்தது. டிக்கெட் கிழிக்க வரவில்லை. ஒன்று கிழித்தால் மூன்று வந்தது. காகிதம் சரியில்லை என்று முதலாளியிடம் சண்டை போட்டான். காகிதம் சரியில்லை, நூல் சரியில்லை. எங்கள் வீட்டு ரத்தம் அப்படி, குற்றம் எப்போதும் அடுத்தவன் கடையில்தான்.

காலையில் வந்ததும் ஒரு தாளை வைத்துக்கொண்டு மிக்கேல் கேள்வி கேட்டார். சுகர் உண்டா, இல்லை. பிரஷர், இல்லை. சுண்டுவிரல் மரத்துப்போகுதா, போகிறது. குடும்பத்துல யாருக்காவது நரம்பு வியாதி, சதை கரையுற வியாதி? இல்லை என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது, பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் காபி வாங்கப் போய்விட்டார். ஏன் சொன்னேன்? உண்டு என்று சொன்னால் அந்தத் தாளில் ஏறிவிடும். தாளில் ஏறினால் எல்லாரும் என் கையை அண்ணன் கையாகத்தான் பார்ப்பார்கள். அது என் கை. அவன் வியாதிக்கு ஒரு நீளமான பேர் சொன்னார்கள், அந்தப் பேரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. கையில் ஆரம்பித்து, காலுக்குப் போய், கடைசியில் நாக்குக்குப் போனது. மூன்று வருஷம். ஏறு ஏறு எட்டயபுரம், விளாத்திகுளம் என்று பஸ் ஸ்டாண்டையே அதிரவைத்த வாய். கடைசி ஆறு மாதம் கண்ணால்தான் பேசினான். இந்த டாக்டரிடம் போய் நான் உண்மை சொல்லு, ஏமாத்தாதே, சொல்லிட்டுக் குத்து என்று மிரட்டிக்கொண்டிருக்கிறேன், நான் தாளில் எழுதவைத்திருக்கிறது பொய். தெரிகிறது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஊசிக்குப் பஞ்சு எடுக்கிறாள்.

"இப்பக் கட்டைவிரலுக்குக் கீழ. உள்ளங்கையில. குத்தப்போறேன்" என்றாள். சொல்லிவிட்டாள். சொன்னபடி குத்தினாள். அம்மாடி. சொன்னால் வலி குறையும் என்று நான் எந்தக் கணக்கில் நினைத்தேனோ தெரியவில்லை, ஒரு துளி குறையவில்லை. உள்ளங்கைத் தோல் கனமாக இருக்கிறதாம், இங்கே எல்லாருக்குமே வலி அதிகம்தானாம், அதையும் சொன்னாள். கண்ணில் தண்ணீர் வந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை, ஒன்று ஊசியில், ஒன்று தொடைக்கடியில். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், இந்த வலி வேறு மாதிரி இருந்தது. முதல் ஊசியில் நான் ஏமாளி. இதில் நான் கூட்டாளி. அப்போதுதான் அந்தப் பிள்ளை ஞாபகத்துக்கு வந்தது, ஒன்பதாம் வகுப்பு, பேர்கூடத் தெரியாது, அவள் அம்மா கூட்டிவந்தாள், மேலுதட்டில் முடி இருக்கு, பசங்க கேலி பண்றானுவளாம், எடுத்துவிடுங்க என்று. பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் கோர்த்துக்கொண்டு, "சொல்லிட்டு எடுங்க ஆன்ட்டி" என்றாள். சரிம்மா என்றேன். உனக்குப் பிடிச்ச பாடம் எது என்று கேட்டேன். "சயின்" என்றாள், இழுத்துவிட்டேன். அவள் அழவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். முழுதாக எடுத்து முடிக்கும்வரை கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மாக்காரி, பாருங்க எம்புட்டு தைரியம் என்று சிரித்தாள், நானும் சிரித்தேன். எட்டு வருஷம் இருக்கும். அந்தப் பார்வையை நான் இதுவரை நினைத்ததே இல்லை என்று நினைத்திருந்தேன்.

"லூசா விடுங்க." விட்டேன். கடுகு அடங்கியது. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஏசியின் சத்தம், வெளியே யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற சத்தம், மிக்கேல் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். டிக் இல்லை. டாக்டர் ஊசியைத் திருப்பினாள், ஒரு கீறல் மாதிரி சத்தம் வந்து அடங்கியது, மறுபடி ஒன்றும் இல்லை. "இங்க சும்மா இருக்கு டாக்டர்" என்றேன். "ஆமா. இது வேற நரம்பு" என்றாள், இந்த முறை மழுப்பாமல். பிறகு முன்கையில் இரண்டு, புஜத்தில் ஒன்று, கழுத்துக்குப் பின்னால் ஒன்று. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுக் குத்தினாள், நான் ஒவ்வொன்றுக்கும் "ம், போடுங்க" என்றேன், டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்து ஆர்டர் கொடுக்கிற மாதிரி. முன்கையில் ஓர் இடத்தில் மட்டும் லேசாக டிக் கேட்டது, மற்றதெல்லாம் சும்மா. கடைசி ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அமுக்கிவிட்டு, டாக்டர் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "அம்மா, முழங்கையை எங்கயாவது ரொம்ப நேரம் ஊன்றுவீங்களா?" என்று கேட்டாள்.

நாற்காலி. சாத்தூரில் ஒரு சலூனை மூடும்போது வாங்கிய பழைய நாற்காலி, தலை சாய்க்கிற இடத்தின் விளிம்பு இரும்பு. மற்ற பார்லர்க்காரிகள் கையை அந்தரத்தில் வைத்து நூல் போடுவார்கள், நான் மாட்டேன். வலது முழங்கையை அந்த இரும்பு விளிம்பில் ஊன்றிக்கொள்வேன். அதனால்தான் என் நூல் ஆடாது. செண்பகம் அக்கா கை ஆடவே ஆடாது என்று எட்டயபுரத்திலிருந்து வருவார்கள். ஒரு மெத்தை வச்சுத் தைச்சுப் போடட்டுமா என்று வீட்டுக்காரர் எத்தனை தடவை கேட்டார், மெத்தை வைத்தால் கை வழுக்கும், உங்க வேலையைப் பாருங்க என்றேன். என்னிடம் தொழில் கற்றுப்போன நாலு பேருக்கும் முதல் பாடமே அதுதான், முழங்கையை ஊன்று. எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னேன். அவள் தன் முழங்கையைத் திருப்பி, உள்பக்க எலும்புக்குப் பக்கத்தில் இருக்கிற குழியைக் காட்டினாள். எங்கேயாவது இடித்துக்கொண்டால் சுர்ரென்று சுண்டுவிரல்வரை ஓடுமே, அந்த இடம். "அந்த நரம்பு இங்கதான் போகுது. பல வருஷமா நசுங்கியிருக்கு. கரண்ட் டெஸ்டுலயும் இந்த இடத்துலதான் வேகம் குறையுது. இதுதான் காரணம்னு நினைக்கிறேன். சின்ன ஆபரேஷன் வேண்டி வரலாம், பெரிய டாக்டர் சொல்வார். முடிஞ்சிடுச்சும்மா, எந்திரிங்க." சிரிப்பதா, அந்த நாற்காலியைத் தூக்கி மாடியிலிருந்து போடுவதா என்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷப் பெருமை, என் கையைத் தின்றிருக்கிறது. முடிஞ்சிடுச்சும்மா.

எழுந்து உட்கார்ந்தேன். மிக்கேல் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார். வெளியே போகலாம். வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், முழங்கைதானாம் என்று சொன்னால் மனுஷன் அங்கேயே அழுதுவிடுவார். ஜங்ஷனில் இட்லி சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். இனி ஒரு ஊசிகூட வேண்டியதில்லை. செருப்பில் காலை நுழைத்தேன். நுழைத்த காலைப் பார்த்தேன். அண்ணனுக்கும் முதலில் கழுத்து எலும்பு என்றுதான் சொன்னார்கள். கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு ஆறுமாதம் டிக்கெட் கொடுத்தான். இப்போது நான் வெளியே போனால், நன்றாகத்தான் இருப்பேன், பகலெல்லாம் நன்றாக இருப்பேன். ஆனால் ஒவ்வொரு முறை கால் இடறும்போதும், சாப்பிடும்போது புரையேறும்போதும், யாருடனாவது பேசும்போது ஒரு வார்த்தை குழறும்போதும், நான் இல்லை என்று சொன்ன அந்தத் தாள் ஞாபகத்துக்கு வரும். பொய் சொல்லி வாங்கின நல்ல செய்தி என் வீட்டுக்குள் வராது, வாசலிலேயே நிற்கும். எத்தனை நாள் அதை வாசலில் நிறுத்திவைப்பேன்? இந்த வியாதிக்குப் பயந்து நான் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடுவதா? நானா? செருப்பைக் கழற்றினேன். மறுபடி கட்டிலில் ஏறிப் படுத்தேன். "என்னம்மா?" என்றாள் டாக்டர். "நான் பொய் சொல்லிட்டேன் டாக்டர். எங்க அண்ணனுக்கு இருந்துச்சு. சதை கரையுற வியாதி. கை, அப்புறம் கால், அப்புறம் நாக்கு. ஏழு வருஷமாச்சு போய்ச் சேர்ந்து. காலையும் பாருங்க. நாக்கையும் பாருங்க." அவளுடைய தூக்கிவிட்ட புருவம் இன்னும் மேலே போனது. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினாள். "இதையெல்லாமா மறைப்பாங்க? இது தெரிஞ்சிருந்தா முதல்லயே பாத்திருப்பேன்ல?" நன்றாகத் திட்டினாள், வாங்கிக்கொண்டேன், வாங்க வேண்டியதுதான். வெளியே போய்ப் பெரிய டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்தாள். மிக்கேல் சுருட்டிய வயரை மறுபடி பிரித்தார்.

காலில் முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குப் பக்கத்தில். "குத்தப்போறேன். வலிக்கும்" என்றாள். வலிக்கும் என்று சொன்னாள் பாருங்கள், அந்தப் பிள்ளையை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பாதத்தை மேலே தூக்கச் சொன்னாள், கடுகு வெடித்தது. லூசா விடுங்க. விட்டேன். எப்படி விட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஒளித்துவைக்க ஒன்றும் மிச்சமில்லை, அதனால் விட முடிந்தது. ஸ்பீக்கர் சும்மா இருந்தது. தொடையில் ஒன்று. சும்மா இருந்தது. இடது கையிலும் ஒன்று. சும்மா. கடைசியாக நாக்கு. நாக்கிலேயே குத்துவார்கள் என்று நினைத்துப் பல்லைக் கடித்தேன், இல்லை, தாடைக்கு அடியில், தொண்டைக் குழிக்கு மேலே இருக்கிற மெத்தென்ற இடத்தில் குத்தினால் நாக்கின் அடிச்சதைக்குப் போய்விடுமாம். "நாக்கை நீட்டுங்க." நீட்டினேன், ஸ்பீக்கர் படபடத்தது. "உள்ள இழுத்து சும்மா விடுங்கம்மா. பேசக்கூடாது. எச்சில் முழுங்காதீங்க. நாக்கு அசையவே கூடாது." என் நாக்கு அசையக் கூடாதாம். கோவில்பட்டியில் யாரிடமாவது இதைச் சொன்னால் டிக்கெட் எடுத்து வந்து பார்ப்பார்கள்.

முதலில் அது சும்மா இருக்கவில்லை. படபடவென்று ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. "அவசரமில்ல" என்றாள் டாக்டர். நான் கூரையைப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது, இதைத்தான் நான் இவ்வளவு நேரமும் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தேன், வரட்டும் இப்போது. ஊரில் எல்லாருக்கும் நான் செண்பகம். அண்ணன் ஒருத்தன்தான் முழுப்பேரும் சொல்வான். பார்லர் மாடிப்படிக்குக் கீழே நின்று, ஊர்ப்பேர் சொல்லி ஆள் ஏற்றுகிற மாதிரி, ஏ செண்பகவல்லீ என்று ராகம் போட்டுக் கூப்பிடுவான், நாற்காலியில் இருக்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள், எனக்கு மானம் போகும். அந்த ஞாயிற்றுக்கிழமை கீழேயிருந்து மெதுவாக, "செம்பா" என்றான். அவ்வளவுதான். செம்பா. எனக்கு என்ன சந்தோஷம். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன், அண்ணனுக்கு வயசாக ஆகத்தான் தங்கச்சிமேல பாசம் வருது, செல்லப்பேர் வச்சுக் கூப்பிடுறான் பாத்தியளா என்று. அதற்குப் பிறகு ஒருநாளும் அவன் முழுப்பேரைச் சொல்லவில்லை. அவனால் சொல்ல முடியவில்லை. நாக்கு அந்த நீளத்துக்கு வரவில்லை. நாக்குக்கும் வந்துவிட்டது என்று நாலு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் தெரிந்தேதான் சுருக்கியிருக்கிறான், குழறினால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று. அவனும் மறைத்தான். நான் செல்லம் என்று நினைத்துச் சிரித்தேன். ஐயோ அண்ணே.

சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. நாக்கு வாய்க்குள் தன்பாட்டுக்குக் கிடந்தது, யாருடையதோ போல. டாக்டர் ஊசியைக் கொஞ்சம் திருப்பினாள். ஒன்றும் இல்லை. இன்னொரு பக்கம் திருப்பினாள். ஒன்றும் இல்லை. மிக்கேல்கூட மூக்கை உறிஞ்சவில்லை. ஸ்பீக்கரிலிருந்து வெறும் காற்று மாதிரி ஓர் ஓசை, அதில் ஒரு டிக்கைத் தேடித் தேடிப் பார்த்தேன், இருந்தால் இருக்கட்டும், பார்த்துவிடுகிறேன் என்று தேடினேன். இல்லை. ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அமுக்கினாள். "நாக்குல ஒண்ணுமில்லம்மா. கால்ல இல்ல, இடது கைலயும் இல்ல. இன்னைக்குப் பாத்த வரைக்கும் உங்க அண்ணனுக்கு வந்தது உங்ககிட்ட இல்ல. உங்களுக்கு முழங்கைதான்." நான் அப்படியே படுத்திருந்தேன், நாக்கு இன்னும் அசையவில்லை, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தது. அவள் என் தோளைத் தொட்டாள். "பேசலாம்மா இப்ப."

எழுந்து உட்கார்ந்து, தாடையில் பஞ்சைப் பிடித்துக்கொண்டு, "செண்பகவல்லி" என்றேன். மெதுவாக, ஒரு எழுத்தும் விடாமல். மிக்கேல் தாளைப் பார்த்தார். "பேரு காலையிலயே எழுதியாச்சும்மா." "தெரியும்" என்றேன். மறுபடி சொன்னேன், மாடிப்படிக்குக் கீழேயிருந்து கூப்பிட்டால் மேலே நாற்காலியில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, வெளியே பெஞ்சிலிருந்த வீட்டுக்காரர் பதறிக் கதவைத் திறக்கிற மாதிரி, செண்பகவல்லீ என்று.